முதலாளி மாறினாலும் மாறாத ஏற்பாடு

கும்பகோணமோ தஞ்சாவூரோ மன்னார்குடியோ, பழைய கடைத்தெரு எதுவாக இருந்தாலும் அங்கே இப்படி ஒருவரைப் பார்க்கலாம். பாத்திரக்கடையின் பின்கட்டில் சரக்கு அடுக்குபவராகவோ, அரிசி ஆலையில் மூட்டை எண்ணுபவராகவோ, அச்சகத்தில் பிழை திருத்துபவராகவோ இருப்பார். வாடிக்கையாளரிடம் பேச மாட்டார். பெயர் சொல்லி அழைத்தாலும் சில நேரம் திரும்ப மாட்டார். ஆனால் எந்த அளவு அண்டா எந்தத் தட்டில் எத்தனை இருக்கிறது என்பதை ஏட்டைப் புரட்டாமல் சொல்லிவிடுவார். புதிதாகச் சேர்ந்த ஆள் அவரைப் பற்றி முறையிட்டால், "அவரு அப்படித்தான், விடு" என்று முதலாளி பேச்சை முடித்துவிடுவார். அந்தச் சொல்லை நம்பியே அந்தப் பணியாளர் தம் வேலைக்காலத்தில் பெரும்பகுதியைக் கழித்திருப்பார்.

ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனச்சிதறல் மிகைச்செயல்பாடு, டிஸ்லெக்ஸியா எனப்படும் வாசிப்புச் சிரமம் ஆகியவற்றோடு வளர்ந்து ஆளானவர்களுக்கு வேலையிடத்தில் துணை நிற்பதே இப்போது என் பணி. அதற்கு முன் பள்ளியில் சிறப்புக் கல்வி ஆசிரியையாக இருந்தேன். என்னிடம் படித்த பிள்ளைகள் வளர்ந்தார்கள். பேச்சுப் பயிற்சி, தொழில்வழிச் சிகிச்சை என்று குழந்தைகளுக்கு ஓரளவேனும் வசதி வந்துவிட்ட இந்த மாவட்டங்களில், பதினெட்டு வயதைக் கடந்தவர்களுக்கு அநேகமாக எதுவுமே இல்லை என்பதை அவர்களுடைய பெற்றோர்கள்தாம் எனக்கு முதலில் உணர்த்தினார்கள். மனித மூளை இயங்கும் விதங்கள் பலவாக இருப்பது இயல்பே என்ற பார்வையை 1990களின் இறுதியில் ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ஜூடி சிங்கர் முதலானோர் முன்வைத்தார்கள். நரம்பியல் பன்மை என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது. நம் முதலாளிகளில் பலர் அந்தப் பெயரைக் கேள்விப்படாமலே அதன் சாரத்தைக் கடைப்பிடித்து வந்திருக்கிறார்கள் என்பதை நான் மரியாதையோடு பதிவு செய்ய விரும்புகிறேன். என் கவலை வேறு. "விடு" என்பது ஒரு மனிதரின் மனத்தில் மட்டும் இருக்கிற சலுகை. அந்த மனிதர் கடையை மகனிடம் ஒப்படைக்கும் நாளில் சலுகையும் அவரோடு போய்விடுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பாத்திரக்கடையில் அப்படித்தான் நடந்தது. அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். தந்தைக்குப் பிறகு கடையை ஏற்ற மகன் நல்லவர், படித்தவர். கணினியில் பில் போடும் முறையைக் கொண்டுவந்தார். எல்லாப் பணியாளரும் எல்லா வேலையும் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று கருதி, ஆளுக்கு ஒரு வாரம் முன்பக்கத்தில் நிற்க வேண்டும் என்று முறை வைத்தார். பின்கட்டிலேயே காலம் கழித்திருந்த, நாற்பது வயதைக் கடந்த ஒருவர் அந்த முறைப்படி ஆவணி முகூர்த்த நெரிசலில் முன்னால் நிறுத்தப்பட்டார். சீர்வரிசைப் பாத்திரம் எடுக்க வந்த குடும்பங்களின் கூட்டமும், ஒரே நேரத்தில் நாலு பேர் நாலு கேள்வி கேட்பதும் அவருக்குப் புதிது. பாத்திரங்களில் பெயர் வெட்டும் இயந்திரத்தின் கீச்சொலி அவர் காதருகிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாதம் முடிவதற்குள் அவர் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார். காரணம் கேட்டவர்களுக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. அவருடைய அக்காதான் என்னைத் தேடி வந்தார். "டீச்சர், இவன் சோம்பேறி இல்ல. ஒரு நாள்கூட லீவு போட்டதில்ல. என்ன ஆச்சுன்னே தெரியல" என்றார்.

நான் மருத்துவர் அல்லள். மனநல மருத்துவரிடம் அனுப்பியபின் ஆட்டிசம் என்று உறுதியாயிற்று. ஆனால் என் வேலைக்கு அந்தப் பெயரைவிட முக்கியமானது, கடையின் அன்றாடத்தை முதலில் நானே உட்கார்ந்து பார்ப்பது. முதலாளியின் அனுமதியோடு காலை நேரங்களில் அங்கே போய் உட்கார்ந்தேன். சில விஷயங்கள் சீக்கிரமே தெரிந்துவிட்டன. பெயர் வெட்டும் மேசை, சரக்கறைக்குப் போகும் வழியில் இருந்தது. பின்கட்டில் இருந்தாலும் அந்த ஒலியிலிருந்து தப்ப முடியாது. வேலைகள் எல்லாம் கடையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கூவிச் சொல்லப்பட்டன: "அந்தப் பக்கம் கொஞ்சம் பாத்துக்கங்கண்ணே" என்பது போல. எந்தப் பக்கம், எதைப் பார்ப்பது, எதுவரை என்பதைக் கேட்பவரே ஊகித்துக்கொள்ள வேண்டும். ஆட்டிசம் உள்ள பலருக்கு அந்த ஊகம் எளிதாக வருவதில்லை. ஊகித்துத் தவறிவிட்டால் என்ன ஆகுமோ என்ற அச்சம் அதைவிடப் பெரிதாக அவர்களை அழுத்துகிறது.

பிற்பகல் நேரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை எந்த முதலாளியும் எதிர்பார்ப்பதில்லை. ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை நம் கடைத்தெருக்கள் ஓய்ந்து கிடக்கும். மற்றவர்களுக்கு அது இளைப்பாறும் நேரம். ஆனால் என்ன செய்வது என்று யாரும் சொல்லாத நேரம் இப்படிப்பட்டவருக்கு நெரிசலைவிடக் கடினமாகிவிடுகிறது. அவர் நின்ற இடத்திலேயே நிற்பார். பார்ப்பவர்கள், "தானா ஒரு வேலையை எடுத்துச் செய்யத் தெரியல" என்பார்கள். அந்தக் கடையில் வாடிக்கையாளர் இல்லாதபோது செய்ய வேண்டியவை என்று ஒரு பட்டியலை எழுதிச் சரக்கறைக் கதவின் உட்புறம் ஒட்டினோம்: பித்தளைக் குடங்களை எடை வாரியாக அடுக்குவது, நசுங்கியவற்றைப் பிரித்து வைப்பது, இருப்பை ஏட்டோடு ஒப்பிடுவது என்று. பெயர் வெட்டும் மேசை கடையின் பக்கவாட்டுத் திண்ணைக்குப் போனது. முன்பக்க முறையிலிருந்து அவரை விலக்கி, அதற்கு ஈடாகச் சரக்கு இறங்கும் நாள்களின் முழுப் பொறுப்பையும் அவரிடம் கொடுத்தார்கள். இதற்கெல்லாம் ஆன செலவு மேசையைத் தூக்கி வைத்த கூலி மட்டுமே. அவர் திரும்பி வந்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறார். "இத முன்னாடியே சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே டீச்சர்" என்று அந்த இளம் முதலாளி சொன்னபோது அவர் உண்மையாகவே சொன்னார். அவருடைய தந்தைக்குத் தெரிந்திருந்தது. ஆனால் மகனிடம் சொல்வதற்கேற்ற வடிவில் அது எங்கும் எழுதப்படவில்லை.

இந்தத் துறையில் நமக்குக் கிடைக்கும் பயிற்சி நூல்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் எழுதப்பட்டவை. நேர்காணலில் கண்ணைப் பார்த்துப் பேசுவது, திங்கட்கிழமை காலை வார இறுதியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவது என்று அவை பாடம் நடத்துகின்றன. நம் பக்கத்தில் பெரியவர் முன் பார்வையைத் தாழ்த்தி நிற்கும் இளைஞரை யாரும் குறை சொல்வதில்லை. இங்கே இடறும் இடங்கள் வேறு. முதலாளி உள்ளே நுழையும்போது எழுந்து நிற்க வேண்டும். "சாப்டாச்சா?" என்பதற்கு என்ன சாப்பிட்டோம் என்ற முழு விவரத்தைச் சொல்லக் கூடாது. காலையில் போணி ஆவதற்கு முன் வருபவரிடம் "அது இல்லை" என்று ஒரே சொல்லில் மறுத்துவிடக் கூடாது. "நீங்க எந்த ஊரு, யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்கும் வாடிக்கையாளர் விசாரணை நடத்தவில்லை, உறவு தேடுகிறார். இவற்றை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை என்பதால், தெரியாதவர் திமிர் பிடித்தவர் என்றே பெயர் வாங்குகிறார். நான் இவற்றைக் காரணத்தோடு சொல்லித் தருகிறேன். காரணம் தெரிந்த விதியை ஆட்டிசம் உள்ளவர்கள் மற்றவர்களைவிட நேர்மையாகக் கடைப்பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அதே அக்கறையோடு எதிர்ப்பக்கத்தாருக்கும், அதாவது உடன் வேலை செய்பவர்களுக்கும், சொல்லித் தர வேண்டியிருக்கிறது. புரியாமை இரு பக்கமும் இருக்கிறது என்பதை ஆட்டிசம் உள்ள பிரிட்டிஷ் ஆய்வாளரான டேமியன் மில்டன் 2012-இல் எழுதினார். அதைப் படிப்பதற்கு முன்பே அந்தப் பாத்திரக்கடை எனக்கு அதைக் காட்டியிருந்தது.

ஏ.டி.எச்.டி. உள்ளவர்களின் சிரமம் வேறு வகை. அவர்களுக்கு எழுதப்படாத விதிகள் புரிகின்றன, பேச வருகிறது, கலகலப்பானவர்கள் என்ற பெயரும் இருக்கிறது. ஆகவே வேலை தவறும்போது அக்கறை இல்லாதவர்கள் என்ற பழி நேராக அவர்களுடைய குணத்தின்மேல் விழுகிறது. ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதும் பட்டதாரி ஒருவருடன் நீண்ட நாள் வேலை செய்தேன். சம்பா அறுவடை முடிந்து நெல் குவியும் மாசி, பங்குனியில் அவரைப் போல ஓர் ஆள் கிடைக்க மாட்டார். லாரிகள் வரிசையில் நிற்கும். எடைச்சீட்டு, ஈரப்பதம், வியாபாரிக்குப் பணம் என்று எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். அத்தனையும் அவர் தலைக்குள் நிற்கும். ஆடி வந்து ஆலை மெல்ல ஓடும்போதுதான் சிக்கல். மாத விற்பனை விவரத்தை அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள்ளும், வரி செலுத்துவதற்கான 3பி படிவத்தை 20-ஆம் தேதிக்குள்ளும் ஜி.எஸ்.டி. தளத்தில் ஏற்ற வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் 19-ஆம் தேதி இரவுவரை அந்தத் தேதி அவருக்கு உண்மையாகவே தென்படுவதில்லை. தாமதக் கட்டணம் நாள் கணக்கில் ஏறும். முதலாளி திட்டுவார், அவர் அவமானத்தில் இரவெல்லாம் விழித்து முடிப்பார், அடுத்த மாதமும் அதுவே நடக்கும்.

என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்திருந்தும், செய்ய வேண்டிய நேரத்தில் தொடங்க முடியாமல் போவதே ஏ.டி.எச்.டி.யின் மையம் என்று அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி பல ஆண்டுகளாக விளக்கி வருகிறார். ஆகவே அறிவுரையும் நினைவூட்டலும் இங்கே அதிகம் உதவுவதில்லை. தொலைவில் இருக்கும் கெடுவை அருகில் கொண்டுவர வேண்டும். அந்த ஆலையில் மாதக் கெடுவை உடைத்து, ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் அந்த வாரத்துக் கொள்முதல், விற்பனைச் சீட்டுகளை முடித்து முதலாளியின் அண்ணனிடம் காட்ட வேண்டும் என்று வைத்தோம். அந்த ஒரு மணி நேரம் எடைமேடை ஊழியர் தம் வேலையோடு வந்து அவருக்கு அருகில் உட்கார்ந்திருப்பார்; அவர் உதவி செய்ய வேண்டியதில்லை, பக்கத்தில் இன்னொருவர் வேலை செய்துகொண்டிருப்பதே போதும். இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் தனியாக உட்கார்ந்தால் தொடங்காத வேலை, கூட ஒருவர் இருந்தால் தொடங்கிவிடுகிறது என்பதை ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள் உலகெங்கும் தாமாகவே கண்டுகொண்டிருக்கிறார்கள். நாற்று நடவும் களை எடுப்பும் எப்போதும் கூட்டாகவே நடந்த ஊர்களில் இதற்கு விளக்கம் சொல்ல எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

டிஸ்லெக்ஸியாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஆங்கிலத்தைவிடச் சீரானது என்பதால் இங்கே தவறாக வாசிப்பதைவிட மெதுவாக வாசிப்பதாகவே அது பெரும்பாலும் வெளிப்படுகிறது, எனவே கண்ணில் படாமலே போய்விடுகிறது. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் பணிபுரியும் ஒருவருக்குப் பட்டா எண்களிலும் கணக்கு எண்களிலும் இலக்கங்கள் இடம் மாறிவிடும். எண்ணை மூன்று மூன்றாகப் பிரித்து எழுதுவது, வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பது, சுற்றறிக்கையைக் கைப்பேசியில் ஒலியாகக் கேட்பது ஆகியவை போதுமானவையாக இருந்தன. வாய்விட்டுப் படித்ததற்காக அவர் வாங்கிய கேலியை நிறுத்துவதற்குத்தான் அதிக நாள்கள் தேவைப்பட்டன.

எல்லாவற்றிலும் கடினமானது, தமக்கு என்ன இருக்கிறது என்பதை வேலையிடத்தில் சொல்வதா வேண்டாமா என்ற கேள்வி. வெளிநாட்டு நூல்கள் வெளிப்படையாகச் சொல்லிவிடும்படி ஊக்குவிக்கின்றன. இங்கே ஒரு கடையில் சொன்ன செய்தி அன்று மாலைக்குள் தெருவுக்கும், அந்த வாரத்துக்குள் சம்பந்தம் பேச வருபவர்களுக்கும் போய்விடும். தங்கைக்கு வரன் பார்க்கும் நேரத்தில் அண்ணனுக்கு ஆட்டிசம் என்ற பேச்சு எழுந்தால் என்ன ஆகும் என்று கேட்கும் தாயை நான் கோழை என்று நினைப்பதில்லை. அந்த அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறது. ஆகவே நான் நோயறிதலின் பெயரைச் சொல்லச் சொல்வதில்லை, தேவையைச் சொல்லப் பழக்குகிறேன். "எனக்கு எழுதிக் கொடுத்தா சரியாச் செஞ்சிடுவேன் சார்", "ஒன்னு முடிச்சதும் அடுத்தது சொல்லுங்க", "மிஷின் சத்தத்துல எனக்குக் காது கேக்கல, அந்தப் பக்கம் உக்காந்துக்கறேன்" போன்ற வாக்கியங்களை அவர்கள் தம் வாயால் சொல்லும்வரை நாங்கள் திரும்பத் திரும்பப் பேசிப் பார்க்கிறோம். பெயரை மறைத்தே வாழ வேண்டியிருப்பது அநியாயம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த அநியாயத்தை உடைக்கும் பொறுப்பை, வேலையைத் தக்கவைத்துக்கொள்ளப் போராடும் ஒருவரின் தலையில் முதலில் ஏற்ற நான் விரும்பவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அவற்றில் உண்டு. ஏ.டி.எச்.டி.க்கு அந்தப் பட்டியலில் தனி இடம் இல்லை. அரசுப் பணியில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 விழுக்காட்டு ஒதுக்கீட்டில், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய அனைத்துக்கும் சேர்த்து 1 விழுக்காடு. அதைப் பெற 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பு எனச் சான்றிதழ் வேண்டும். ஆனால் பணியிடத்தில் தேவைக்கேற்ற மாற்றங்களைக் கேட்பதற்கு அந்த 40 விழுக்காடு வரம்பாகாது என்பதை 2021-இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. தேர்வு எழுத உதவியாளர் கேட்ட ஒருவரின் வழக்கு அது. மாற்றங்களைச் செய்து தரும் கடமையைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு நேரடியாக அரசு நிறுவனங்கள் மீதே சுமத்துகிறது. நம் பக்கத்துக் கடைகளும் ஆலைகளும் பட்டறைகளும் பெரும்பாலும் தனியார், பலவற்றில் பத்துப் பேர்கூட இல்லை. அங்கே சட்டப் பிரிவைச் சொல்லிக் கதவைத் தட்டினால் கதவு மூடிக்கொள்ளும். பேச்சால் பெற்று, தாளில் எழுதிவைப்பதே வழி.

குடும்பத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முப்பது வயதுக்காரரை "பையன்" என்றே சொல்லி, அவரை என் முன்னால் உட்காரவைத்துவிட்டு அப்பாவே எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்வது இங்கே வழக்கம். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனாலும் முதல் சந்திப்பிலேயே நான் அவரிடம் நேராக, "நீங்க சொல்லுங்க சார்" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். பதில் வர வெகு நேரம் ஆகலாம். அந்த இடைவெளியை அப்பா நிரப்பாமல் இருக்கும்படி கேட்டுக்கொள்வேன். என்ன வேலை வேண்டும் என்று அதுவரை யாரும் கேட்டிராத ஒருவர், தமக்குச் சுவாமிமலையில் சிலைப் பட்டறையில், உலோகம் வார்ப்பதற்கு முன் மெழுகில் உருவம் செய்யும் வேலை பழக ஆசை என்று சொன்னார். வீட்டில் அவரை வங்கித் தேர்வு வகுப்பில் சேர்த்திருந்தார்கள். பட்டறையில் சேர்ந்துவிட்டார். மெழுகில் விரல் நகத்தின் கோடுவரை செதுக்குவதற்கான பொறுமை அவரிடம் இருக்கிறது. உலோகம் உருக்கி ஊற்றும் நாளின் வெக்கையும் கூச்சலும் மட்டும் இன்னும் தாங்கவில்லை. அந்த நாளில் அவருக்கு வேறு வேலை கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள்.

இவர்களுக்கெல்லாம் ஏதோ ஓர் அபூர்வ ஆற்றல் உண்டு என்று புகழ்ந்து பேசுவது இப்போது பெருகியிருக்கிறது. எஸ்.ஏ.பி. போன்ற மென்பொருள் நிறுவனங்கள் 2013-இலிருந்து ஆட்டிசம் உள்ளவர்களைத் திட்டமிட்டு வேலைக்கு எடுத்தது நல்ல முன்மாதிரி. தஞ்சாவூரில் 2024-இல் திறக்கப்பட்ட நியோ டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்காவிலும் அப்படிப்பட்ட வாசல்கள் திறக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். ஆனால் பிழை கண்டுபிடிக்கும் மேதையாக இல்லாதவருக்கும், சராசரியாக வேலை செய்து மாதச் சம்பளம் வாங்கி வீட்டுக்குப் போகிறவருக்கும் இதே உரிமை உண்டு. ஆற்றலை நிரூபித்தால்தான் இடம் என்பது பழைய சலுகையைவிடக் கடுமையான நிபந்தனை.

1980களில் அமெரிக்காவில் உருவான ஆதரவுடன்கூடிய வேலைவாய்ப்பு முறை, முதலில் உண்மையான வேலையில் சேர்த்து அங்கேயே பயிற்றுவிக்கச் சொல்கிறது. வழிகாட்டி படிப்படியாக விலகிவிட வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த விலகலே என் பணியின் அளவுகோல். கடையின் மூத்த கணக்குப்பிள்ளையோ பட்டறை மேஸ்திரியோ என் இடத்தில் நிற்கப் பழகியபின் நான் போவதைக் குறைத்துக்கொள்கிறேன். போகுமுன் ஒரு தாள் எழுதிவைக்கிறோம். யார் வேலை சொல்வது, எப்படிச் சொல்வது, எந்தச் சத்தத்திலிருந்து எங்கே விலகி உட்காரலாம், ஓய்ந்த நேரத்தில் என்ன செய்வது, திடீர் மாற்றம் வந்தால் யார் முன்கூட்டிச் சொல்வது, திணறல் வந்தால் எத்தனை நிமிடம் வெளியே போய்வரலாம் என்பவை அதில் இருக்கும். பெரும்பாலும் ஒரு பக்கம்தான். முதலாளியும் பணியாளரும் கையெழுத்திடுவார்கள். ஆண்டுக்கொரு முறை, தையில் கணக்கு பார்க்கும்போது, அதையும் எடுத்துப் பார்ப்பதாக ஏற்பாடு. நோயின் பெயர் அதில் எங்கும் இருக்காது.

இந்தத் தாள்களைப் புரட்டினால் அநேகமாக எல்லாமே ஆண்களுடையவை என்பது என்னை வருத்துகிறது. பெண்கள் என்னிடம் வருவதே தங்களுக்காக அல்ல. பிள்ளையைப் பரிசோதனைக்கு அழைத்துவந்து, மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது, தம் சிறுவயதும் அப்படியே இருந்ததை உணர்கிறார்கள். அதுவரை எல்லாவற்றையும் மறைத்துச் சமாளித்தே வந்திருப்பார்கள். மருத்துவமனைப் பதிவேட்டிலும் பள்ளி அலுவலகத்திலும் துணிக்கடையிலும் நாள் முழுக்கச் சமாளித்துவிட்டு, பேருந்தில் நின்றபடி வீட்டுக்கு வந்து, அங்கே தொடங்கும் இரண்டாவது வேலையில் தளர்ந்து விழுவார்கள். அவர்களுக்கான தாளை வேலையிடத்தோடு நிறுத்த முடியாது என்று இப்போது நினைக்கிறேன். சென்ற மாதம் ஒரு செவிலியருடன் உட்கார்ந்து முதல்முறையாக இரண்டு தாள்கள் எழுதினோம். ஒன்றில் வார்டு பொறுப்பாளர் கையெழுத்திட்டார். மற்றொன்றில், இரவுப் பணி முடிந்து வரும் நாள்களில் காலைச் சமையல் யாருடையது, எத்தனை மணிவரை அவரை எழுப்பக் கூடாது என்பவற்றை எழுதி, அவருடைய கணவரும் மாமியாரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.